அடைமுட்டை ஏத்துமதி ஹெல்த் சர்டிபிகேட்: ஏஜென்சிகிட்ட குடுத்த எங்க ரெண்டு லோடு அனுபவம்

ரெண்டு லோடு இவங்க மூலமா அனுப்பியாச்சு. முதல்ல அடைமுட்டை, அஞ்சு மாசம் கழிச்சு ஒரு நாள் குஞ்சு. ரெண்டும் அந்தப் பக்கம் இறங்கி, குவாரண்டைன் முடிஞ்சு, வாங்கினவர் கைக்குப் போயாச்சு. உயிர்ப் பறவையோ பொரிக்கிற முட்டையோ வெளிநாட்டுக்கு அனுப்பறதுக்கு வேண்டிய ஹெல்த் சர்டிபிகேட் வேலைய மொத்தமா பாத்துக் குடுக்கற ஏஜென்சி இது. பேர் போடல, ஏன்னா குறையும் சொல்லப் போறேன், அதனால அவங்க பொழப்புக்கு ஒரு கெடுதல் வரக்கூடாது. ஆனா இந்த மாதிரி சர்வீஸ் எடுக்கலாமா, எடுத்தா என்ன கேக்கணும்னு யோசிக்கறவங்களுக்கு உதவும்னுதான் எழுதறேன்.

முதல் போன்லயே எனக்குப் புடிச்சது என்னன்னா, எத்தனை முட்டைன்னு அவங்க கேக்கவே இல்ல. "வாங்கறவர் நாட்டோட இம்போர்ட் பர்மிட்டும் அவங்க கேக்கற சர்டிபிகேட் மாடலும் அனுப்புங்க சார், அத படிக்காம நாங்க ஒண்ணும் சொல்ல முடியாது"ன்னாங்க. நான் அதுவரைக்கும் சர்டிபிகேட்னா நம்ம நாட்டு ஆபீஸ்ல ஒரு பாரம் இருக்கும், அத நிரப்பினா போதும்னு நெனச்சிட்டு இருந்தேன். அப்படி இல்ல. என்ன எழுதணும்னு முடிவு பண்றது வாங்கற நாடு. பாரிஸ்ல இருக்கற உலக விலங்கு சுகாதார அமைப்பு, 183 நாடு மெம்பரா இருக்கறது, பழைய பேர் ஓஐஈ, அவங்க ஒரு பொது விதித் தொகுப்பு வெச்சிருக்காங்க, முக்கால்வாசி நாடு அதுலேர்ந்துதான் வாசகத்த எடுக்கும், ஆனா எடுத்துட்டு மேல சொந்தமா ரெண்டு வரி சேத்துக்கும். அந்த ரெண்டு வரிலதான் லோடு நிக்கும். எங்க மாடல்ல அப்படி ஒரு வரி இருந்துச்சு, முட்டை எடுக்கறதுக்கு முன்னாடி தாய்க்கோழி ஃப்ளாக் (ஒண்ணா வளர்ற கூட்டம்) முழுசும் ஒரே பண்ணைல இத்தனை நாள் இருந்திருக்கணும்னு. நாங்க ரெண்டு மாசம் முன்னாடிதான் கொஞ்சம் சேவல் வெளிய இருந்து எடுத்து சேத்திருந்தோம். அத அவங்க ரிஜிஸ்டர பாத்துட்டு முதல் வாரத்துலயே சொல்லிட்டாங்க, வேற ஷெட் ஃப்ளாக்குக்கு மாத்திக்கிட்டோம்.

அதுக்கப்புறம் ஒரு காலண்டர் போட்டுக் குடுத்தாங்க பாருங்க, இந்த சர்வீஸ்ல காசு குடுத்து வாங்கவேண்டிய பொருள் அதுதான்னு நான் சொல்லுவேன். பிளைட் தேதிய வெச்சு பின்னாடி எண்ணிக்கிட்டே வருவாங்க. முட்டைய இட்ட நாள்லேர்ந்து ஏழு நாளுக்குள்ள செட்டர்ல (அடைவெக்கற மெஷின்ல) வெச்சாதான் பொரிப்பு நல்லா வரும், அதுக்கு மேல போகப் போக குறையும், அதனால கலெக்‌ஷன் நாள் பிளைட்ட ஒட்டி இருக்கணும். லேப் ரிசல்ட் அதுக்கு முன்னாடி கைல இருக்கணும், சாம்பிள் அதுக்கும் முன்னாடி, ஆனா ரொம்ப முன்னாடி எடுத்துட்டா மாடல்ல சொன்ன நாள் கணக்கு தாண்டிடும். பறவைக் காய்ச்சலுக்கும் வெள்ளைக்கழிச்சலுக்கும் எங்க மாடல் கேட்டது, கலெக்‌ஷனுக்கு முன்னாடி குறைஞ்சது 21 நாள் அந்த ஃப்ளாக் நோய் இல்லாத இடத்துல இருந்திருக்கணும்னு. இதெல்லாம் தனித்தனியா பாத்தா சின்ன விஷயம், ஒண்ணா அடுக்கிப் பாத்தா மொத்தத்துல ரெண்டு மூணு நாள்தான் முட்டை எடுக்கவே தோதா இருக்கு. நானா போட்டிருந்தா கண்டிப்பா எங்கயாவது ஒரு நாள் இடிச்சிருக்கும்.

டெஸ்ட் விஷயம் கொஞ்சம் விரிவா சொல்றேன், நெறைய பேர் இங்கதான் மாட்டிக்கறாங்க. முட்டைக்கு ஏன் தாய்க்கோழி ரத்தத்த எடுக்கறாங்கன்னா, புல்லோரம், மைக்கோபிளாஸ்மா இதெல்லாம் முட்டை வழியாவே குஞ்சுக்குப் போற வியாதி. ஓட்ட எவ்வளவு கழுவினாலும் உள்ள இருக்கறது போகாது. அதனால முட்டைய பாத்து ஒண்ணும் தெரியாது, தாயப் பாக்கணும். எங்க ஃப்ளாக்ல புல்லோரம் கிளீனா வந்துச்சு. மைக்கோபிளாஸ்மா கல்லிசெப்டிகத்துக்கு ரத்தத்துல பாக்கற பிளேட் டெஸ்ட்ல கொஞ்சம் சாம்பிள் பாசிட்டிவ். எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல, பதினாலு வருஷமா பொத்திப் பொத்தி வளத்த கோழி வம்சம் அது. ஏஜென்சில இருக்கற கால்நடை டாக்டர் அம்மா போன்ல கேட்ட முதல் கேள்வி, "கடைசியா கில்டு வேக்சின் எப்போ போட்டீங்க?" பதினெட்டு நாள் முன்னாடி. எண்ணெய் கலந்த கில்டு வேக்சின், அதாவது செத்த கிருமிய வெச்சு செஞ்ச தடுப்பூசி, போட்ட சில வாரத்துக்குள்ள ரத்தம் எடுத்தா பிளேட் டெஸ்ட் தப்பா பாசிட்டிவ் காட்டறது உண்டாம். தொண்டைல பஞ்சுக் குச்சி வெச்சு ஸ்வாப் எடுத்து, கிருமியோட மரபணுவையே தேடற பிசிஆர் டெஸ்டுக்கு அனுப்பச் சொன்னாங்க, நெகட்டிவ். கொஞ்ச நாள் கழிச்சு ரத்தமும் திரும்ப எடுத்தோம், அதுவும் கிளீன். லோடு 19 நாள் தள்ளிப் போச்சு.

இதுலதான் என் முதல் குறை. அவ்வளவு விவரம் தெரிஞ்சவங்க, காலண்டர் போடறப்பவே வேக்சின் தேதிய கேட்டிருக்கணும் இல்லையா? கேக்கல. நான் கேட்டப்ப ஒத்துக்கிட்டாங்க, ரெண்டாவது லோடுக்கு முதல் கேள்வியே அதுதான் வந்துச்சு. ஆனா அந்த ரெண்டாவது லேப் பில் எங்க தலைலதான். கொட்டேஷன்ல ரீ-டெஸ்ட் தனின்னு எங்கயும் இல்ல. எழுதி வாங்கிக்கங்க.

கலெக்‌ஷன், பேக்கிங் எல்லாம் பண்ணைல நம்ம வேலைதான், ஆனா அவங்க ஆள் ஒருத்தர் வந்து நின்னு பாத்தார், நல்ல ஆள். ஓட்டு மேல கிருமிநாசினி போடற முறை, மருந்து பேரு, தேதி எல்லாம் சர்டிபிகேட்ல போற விஷயம்ங்கறதால எழுதி வெக்கச் சொன்னார். எக் ட்ரே, பெட்டி எல்லாம் புதுசு. ஒவ்வொரு பெட்டிலயும் ஃப்ளாக் நம்பரும் முட்டை எடுத்த தேதியும். கூல் ரூம்லேர்ந்து எடுத்து நேரா வெயில் பக்கம் வண்டில ஏத்தப் போன பையன நிறுத்தினார், முட்டை வேர்க்கும், அந்த ஈரத்தோட ஓட்டுல இருக்கற கிருமி துளை வழியா உள்ள இழுத்துக்கும்னு. எங்களுக்குத் தெரியாததா, தெரியும், ஆனா அவசரத்துல விட்டுடுவோம்.

ஆனா மரப் பேலட் விஷயத்துல கோட்டை விட்டாங்க. வெளிநாடு போற மரப் பேலட்ட மரத்தோட நடுப் பகுதி வரைக்கும் 56 டிகிரில 30 நிமிஷம் சூடு காட்டி முத்திரை குத்தியிருக்கணும், அது பறவை விஷயம் இல்ல, மரத்துல பூச்சி போகக்கூடாதுங்கற தனி விதி. முத்திரை இல்லாத பேலட்னு கார்கோல திருப்பிட்டாங்க, நாலு மணி நேரம் ஓடிச்சு பிளாஸ்டிக் பேலட் தேட. "அது எங்க ஸ்கோப்ல வராது"ன்னு போன்ல சொன்ன பதில் எனக்குப் பிடிக்கல. உள்ள இருக்கறது உயிர், யார் ஸ்கோப்பா இருந்தா என்ன.

கையெழுத்து பத்தி ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். ஏஜென்சி சர்டிபிகேட் குடுக்காது, குடுக்கவும் முடியாது. அரசு கால்நடை டாக்டர் பண்ணைக்கு வந்து பாத்து, ரெக்கார்ட பாத்து, அவர் பொறுப்புல கையெழுத்தும் சீலும் போடறது அது. தனக்குத் தெரியாத எதையும் அவர் எழுத மாட்டார், எழுதக்கூடாது. இவங்க அத முதல் நாளே சொன்னாங்க. வேற ஒரு இடத்துல நான் விசாரிச்சப்ப "கையெழுத்து நாங்க பாத்துக்கறோம்"னு சொன்னாங்க, அப்படிச் சொன்னா எழுந்து வந்துடுங்க. எங்க டாக்டர் ஒரு பெட்டி எண்ணிக்கை மாறினதுக்காக மொத்த பாரத்தையும் புதுசா அடிக்கச் சொன்னார், அடிச்சுத் திருத்தினா அந்தப் பக்கம் சந்தேகப்படுவாங்கன்னு. அன்னைக்குக் கோவம் வந்துச்சு, இப்ப நன்றிதான் இருக்கு.

ரெண்டாவது லோடு நேரத்துல ஒரு பெரிய பயம். எங்க பண்ணைலேர்ந்து கொஞ்ச தூரத்துல ஒரு ஏரில செத்துக் கெடந்த காட்டுப் பறவைல ஹெச்5 பறவைக் காய்ச்சல் உறுதியாச்சு. வாங்கறவர் ஆர்டர நிறுத்தறேன்னு மெயில் போட்டுட்டார். இங்கதான் இவங்க உண்மையா உழைச்சாங்க. உலக அமைப்போட விதிப்படி, வளர்ப்புக் கோழி அல்லாத காட்டுப் பறவைல கண்டுபிடிச்சத வெச்சு கோழி வர்த்தகத்த தடை பண்ணக்கூடாது, அந்த வாசகத்த எடுத்து, எங்க ஃப்ளாக்குக்குப் புதுசா எடுத்த பிசிஆர் ரிசல்ட்டையும் சேத்து, அந்த நாட்டு அதிகாரிங்க பாக்கற மாதிரி அரசு ஆபீஸ் வழியா அனுப்பினாங்க. விதி இருக்குங்கறதுக்காக எல்லா நாடும் அப்படியே நடந்துக்காது, சர்டிபிகேட் வாசகம் வேற மாதிரி இருந்திருந்தா எங்க லோடும் நின்னிருக்கும். எங்களுக்கு ஒன்பதாவது நாள் சரின்னு பதில் வந்துச்சு. ஒருவேளை வளர்ப்புக் கோழிலயே வந்திருந்தா, அழிச்சு, கிருமி நீக்கி, அதுக்கப்புறம் குறைஞ்சது 28 நாள் கண்காணிச்சுதான் நோய் இல்லாத நிலைய திரும்பக் கேக்கவே முடியும், அந்த நேரத்துல முட்டை எல்லாம் வீணாத்தான் போகும்.

ஒரு நாள் குஞ்சு அனுப்பறது முட்டைய விட நெஞ்சு பதைக்கற வேலை. பொரிச்சு 72 மணி நேரத்துக்குள்ள இருக்கறதத்தான் ஒரு நாள் குஞ்சுன்னு கணக்கு, அதுவரைக்கும் வயித்துல மிச்சம் இருக்கற மஞ்சக்கரு தாங்கும்னுதான் தீனி தண்ணி இல்லாம அனுப்பறதே. பொரிக்கிறதுக்கு முன்னாடி சர்டிபிகேட் போட முடியாது, பொரிச்சதும் எண்ணி, மேரெக்ஸ்ங்கற கோழி வியாதிக்கான தடுப்பூசி போட்டு, வேக்சின் பேரும் பேட்ச் நம்பரும் எழுதி, டாக்டர் பாத்து, கையெழுத்து, ஏர்போர்ட். இவங்க டாக்டர ஹேச்சரிக்கு காலை அஞ்சரைக்கே வரவெச்சாங்க, அஞ்சு வாட்டி நன்றி சொல்லலாம் அதுக்கு. ஆனா முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் நான் போட்ட மூணு மெசேஜுக்கு பதிலே இல்ல, பேட்ச் நம்பர் டிராஃப்ட்ல ஒரு எழுத்து தப்பா இருந்துச்சு, அத ராத்திரி பத்து மணிக்கு நானே ஆள் புடிச்சு திருத்த வேண்டியதாச்சு. உயிர்ப் பொருள் வேலை எடுக்கறவங்க சனி ஞாயிறுல ஒரு ஆள வெக்கணும். இதுக்காகவே அஞ்சு ஸ்டார் குடுக்க மனசு வரல, நாலு.

அடுத்து வாத்து முட்டை கேட்டிருக்காங்க, வேற நாடு, வேற மாடல். இன்னும் பர்மிட் காப்பி வரல, அது வராம காலண்டர் போட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் அந்த ஃப்ளாக்குக்கு கில்டு வேக்சின் எதுவும் போடாம தள்ளி வெக்கலாமான்னு நாளைக்கு டாக்டர் அம்மாகிட்ட கேக்கணும்.