சதுர அச்சா, வெளிக்கப்பா? வீட்டில் கழற்றுபவரின் பக்கம் நின்று ஓர் ஒப்பீடு

மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை ‘கடக்’ என்று கேட்கத் தொடங்கிய ஒலி, கிராங்கை (மிதிகட்டையைத் தாங்கும் கையை) பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் கைக்கே ஆட்டம் தெரியும் அளவுக்கு வளர்ந்தபோது, என் சைக்கிளின் பாட்டம் பிராக்கெட்டை, அதாவது இரு கிராங்குகளையும் இணைத்துச் சுழலும் அச்சுத் தொகுதியை, நானே மாற்றுவது என்று முடிவு செய்தேன். இரண்டு கிராங்குகளும் சேர்ந்தே ஆடினால் தேய்ந்தது உள்ளிருக்கும் பால்ரஸ், அதாவது அச்சைச் சுழலவிடும் குண்டு வளையம். ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்கின் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். என் வண்டியில் இரண்டுமே ஆடின. அதில் இருந்தது சதுர முனை கொண்ட அச்சும், பால்ரஸ் மூடி அடைத்து வரும் உருளையும் சேர்ந்த பழைய வகை. அதே வகையை மீண்டும் போடுவதா, அல்லது 24 மி.மீ. குழல் அச்சு வலது கிராங்கோடு ஒட்டியே வரும், பால்ரஸ் சட்டத்துக்கு வெளியே கப்புகளில் உட்காரும் வகைக்கு மாறுவதா என்பதே கேள்வியாக இருந்தது. நான் மாறினேன். ஆகவே பின்வருவது நடுநிலை நின்று எழுதியதன்று.

எடை, விறைப்பு, தோற்றம் ஆகியவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். குழல் அச்சு பருமன் மிக்கது. அதனால் விறைப்பும் மிக்கது, பொதுவாக எடையும் குறைவு. ஆனால் பந்தயம் ஓட்டாத ஒருவர் காலில் அந்த வேறுபாட்டை உணர்வார் என்று நான் சொல்லமாட்டேன். விலையில் சதுர அச்சு மலிவு. அதில் விவாதத்துக்கு இடமில்லை.

இரண்டுக்கும் பொதுவான ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மரை வெட்டிய சட்டங்களில் மிகப் பரவலான அளவு 1.37 அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 24 மரையும் கொண்டது. சட்டக் கூட்டின் (பாட்டம் பிராக்கெட் உட்காரும் குழாயின்) அகலம் 68 அல்லது 73 மி.மீ. இந்த அளவில் வலப்பக்கக் கப் இடமரை. அதாவது அதைக் கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இது தெரியாமல் வழக்கம்போல் இடஞ்சுழியாக முழுப் பலத்தையும் போட்டுத் திருப்புபவர், கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இறுக்கிக்கொண்டிருப்பார். 36 மி.மீ. விட்டமும் 70 மி.மீ. அகலமும் கொண்ட இத்தாலிய அளவில் இரு பக்கமும் வலமரை. மரை அளவு ஒன்றே என்பதால், பழைய சதுர அச்சுச் சட்டத்திலேயே வெளிக்கப்புகளையும் திருகிவிடலாம். சட்டத்தில் எதையும் வெட்ட வேண்டியதில்லை.

இனி என் முடிவைத் தீர்மானித்த காரணத்துக்கு வருகிறேன். அது கிராங்கைக் கழற்றுவது. பொருத்துவதைக் காட்டிலும் கழற்றுவது.

சதுர அச்சின் முனை சற்றே கூம்பியிருக்கும். அலுமினியக் கிராங்கின் சதுரத் துளையை அந்த எஃகுக் கூம்பின் மேல் 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரையிலான முறுக்கில் போல்ட் ஏற்றிவிடுகிறது. அதன் பிறகு கிராங்க் அங்கே நிற்பது அந்த நெருக்கத்தின் பிடிப்பால்தான். போல்ட்டைக் கழற்றிய பின்னும் கிராங்க் அசையாது. அதை வெளியே இழுக்க, கிராங்கின் துளை வாயில் உள்ள 22 மி.மீ. உள்மரையில் கிராங்க் இழுவானைத் திருகி, அதன் நடுத்தண்டை அச்சின் முனைமேல் அழுத்த வேண்டும். அப்போது எழும் விசை முழுவதையும் தாங்குவது அந்தச் சில சுற்று அலுமினிய மரை மட்டுமே. இழுவான் அடிவரை போகாமல் பாதியில் நின்றிருந்தாலோ, போல்ட்டுக்கு அடியிலிருந்த வாஷர் உள்ளேயே தங்கிவிட்டாலோ, மரையில் பழைய மண் அடைந்திருந்தாலோ, எஃகு வெல்லும்; அலுமினியம் உரிந்து சுருளாக வெளியே வரும்.

எனக்கு நேர்ந்தது இதுதான். வலது கிராங்க் ஒழுங்காக வந்தது. இடது கிராங்கில் இழுவானை ஏறக்குறைய மூன்று சுற்று மட்டும் ஏற்றிவிட்டு, கை இறுகியதைக் கண்டு அடிவரை போய்விட்டதாக நினைத்துத் தண்டைத் திருப்பினேன். ஒரு சிறு ‘சரக்’, மரை போய்விட்டது. (மரை கழன்றவன் என்ற வசையின் முழுப் பொருளை அன்றுதான் உணர்ந்தேன்.) தவறு முற்றிலும் என்னுடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு சிறு கவனக்குறைவுக்கு ஒரு கிராங்கையே விலையாகக் கேட்கும் அமைப்பு, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கருவியைக் கையில் எடுப்பவருக்கு ஏற்றதா என்ற கேள்வி அங்கேயே பிறந்தது. மரை போன கிராங்கைக் கொக்கிக் கால்கள் கொண்ட இழுவானால் பின்புறமிருந்து பிடித்து இழுத்து எடுத்தேன். போல்ட் இல்லாமல் சிறிது தூரம் ஓட்டினால் தானே தளர்ந்துவிடும் என்ற வழியும் உண்டு. அது சதுரத் துளையை உருக்குலைத்துவிடும், ஆகவே தூக்கி எறியப்போகும் கிராங்குக்கு மட்டுமே அது பொருந்தும்.

வெளிக்கப் வகையில் இந்தப் போராட்டமே இல்லை. ஜப்பானிய நிறுவனமான ஷிமானோ 2003-ல் எக்ஸ்டிஆர் என்ற மலைச் சைக்கிள் தொகுதியிலும் 2004-ல் டியூரா-ஏஸ் என்ற சாலைச் சைக்கிள் தொகுதியிலும் கொண்டுவந்த ஹாலோடெக் 2 அமைப்பை எடுத்துக்கொண்டால், இடது கிராங்கின் வேர்ப்பகுதி பிளவுபட்டிருக்கும். இரண்டு 5 மி.மீ. ஆலன் போல்ட்டுகள் அந்தப் பிளவை அச்சின் பற்கள்மேல் கவ்வவைக்கின்றன. கழற்றும்போது அவ்விரண்டையும் தளர்த்தி, பிளவில் இருக்கும் சிறு பாதுகாப்புத் தகட்டை மெல்லிய திருப்புளியால் நெம்பி உயர்த்தி, முனையிலுள்ள பிளாஸ்டிக் மூடியை அதற்குரிய சிறு கருவியால் திருகி எடுத்தால், கிராங்க் கையோடு வந்துவிடும். பிறகு வலது கிராங்கை அச்சோடு சேர்த்து, தேவைப்பட்டால் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி, மறுபக்கம் உருவிக்கொள்ளலாம். தகட்டை உயர்த்த மறந்து இழுப்பது ஒன்றே இங்கே நிகழக்கூடிய மடமை. அப்போதும் கிராங்க் வரமறுக்குமே தவிர எளிதில் உடைந்துபோகாது.

பொருத்துவதும் அப்படியே. பிளாஸ்டிக் மூடியை ஆட்டம் நீங்கும் அளவுக்கு மட்டும், அதாவது 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர் வரை, ஏறக்குறைய விரல் பலத்தில், இறுக்க வேண்டும். பால்ரஸ்மேல் விழும் அழுத்தத்தை அமைப்பது அதுவே. தகட்டின் முள் அச்சிலுள்ள துளையில் இறங்கியதா என்று பார்த்துவிட்டு, இரண்டு கவ்வு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை கொண்டுசெல்ல வேண்டும். மூடியைப் பலமாக இறுக்கிப் பால்ரஸைச் சீக்கிரம் தேயவிடுவதே புதியவர்கள் செய்யும் பிழை. முதல் முறை நானும் செய்தேன், கிராங்க் கனமாகச் சுழன்றதால் உடனே தெரிந்துவிட்டது.

கப்பைக் கழற்றுவதிலும் வெளிவகைக்கே என் ஓட்டு. சதுர அச்சு உருளையின் பற்கள் உள்ளே ஆழம் குறைந்து இருப்பதால், துருப்பிடித்த கப்பில் கருவி வழுக்கும். கிராங்க் போல்ட்டையும் ஒரு பெரிய வாஷரையும் கொண்டு கருவியை அச்சோடு இறுக்கிப் பிணைத்த பிறகே பலம் கொடுப்பது நல்லது. வெளிக்கப்பின் 16 பள்ளங்களைக் கருவி வெளியிலிருந்து அணைத்துப் பிடிப்பதால் வழுக்கும் வாய்ப்புக் குறைவு. ஒரு எரிச்சல் மட்டும் உண்டு: முந்தைய கப்புகளின் விட்டம் 44 மி.மீ.; பின்னர் வந்தவற்றில் 41, 39 மி.மீ. அளவுகளும் இருப்பதால், பழைய கருவி புதிய கப்புக்குச் சேராமல் போகலாம்.

வாங்கும்போது நேரும் குழப்பத்தையும் இதே கணக்கில் சேர்க்கிறேன். சதுர அச்சு 107, 110, 113, 118, 122.5 மி.மீ. என்று பல நீளங்களில் வருகிறது. எந்தக் கிராங்குக்கு எது என்று பார்த்து வாங்காவிட்டால் சங்கிலிக் கோடு, அதாவது முன், பின் பற்சக்கரங்களின் நேர்வரிசை, விலகும். செயின் வீல் சட்டத்தில் உரசவும் கூடும். ஜப்பானிய அளவு, ஐஎஸ்ஓ அளவு என்று கூம்பிலும் இருவகை உண்டு. மாற்றிப் போட்டால் கிராங்க் கூடுதலாகவோ குறைவாகவோ ஏறி நிற்கும். குழல் அச்சுக் கிராங்கில் நீளம் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. மலைச் சைக்கிள் கிராங்கை 68 மி.மீ. கூட்டில் போடும்போது வலப்பக்கம் இரண்டும் இடப்பக்கம் ஒன்றுமாக 2.5 மி.மீ. வளையங்களைச் சேர்ப்பதே பெரும்பாலும் மிஞ்சும் வேலை.

இவ்வளவு சொன்ன பிறகு, சதுர அச்சுக்குரிய நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அதன் இரு பால்ரஸும் ஒரே உருளைக்குள் நேர்கோட்டில் அமைந்திருப்பதால், சட்டக் கூட்டின் விளிம்பு சற்றுச் சாய்ந்திருந்தாலும் அவை பாதிக்கப்படுவதில்லை. வெளிக்கப்புகளோ அந்த விளிம்புகளின்மேல்தான் உட்காருகின்றன. விளிம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால், அல்லது அங்கே வண்ணப்பூச்சு திட்டாகத் தங்கியிருந்தால், இரு பால்ரஸும் கோணி நின்று சீக்கிரம் தேயும். அதைச் சீவிச் சமப்படுத்தும் கருவி வீட்டில் இருக்கும் பொருளன்று. என் சட்டத்தில் பூச்சை மட்டும் சுரண்டினேன். அதுவே போதுமானதாக இருந்தது நல்லூழ்.

ஆயுளைப் பற்றி நான் அடக்கமாகவே பேச வேண்டும். என் பழைய உருளை ஆறு ஆண்டு உழைத்தது. அந்த ஆண்டுகளில் நான் அதைத் தொட்டதுகூட இல்லை. வெளிக்கப் போட்டு இரண்டு ஆண்டுதான் ஆகிறது. சேறும் நீரும் நேராகப் படும் இடத்தில் பால்ரஸ் இருப்பதால், இது ஆறு ஆண்டு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கழற்றுவதே எளிது என்பதால், அடிக்கடி கழற்ற நேர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. நாள்தோறும் மழையில் ஓட்டி, பராமரிப்பே செய்ய விரும்பாதவருக்கு அந்தக் கணக்கு தலைகீழாகும். அவர் சதுர அச்சையே போடட்டும்.

மரையே இல்லாமல் பால்ரஸை நேராகச் சட்டத்துக்குள் அழுத்திப் பொருத்தும் வகையும் உண்டு. அதில் பிபி30 என்ற அளவில் கூட்டின் உள்விட்டம் 42 மி.மீ., பிபி86 என்ற அளவில் 41 மி.மீ. சட்டம் அப்படி அமைந்திருந்தால் தேர்வுக்கு அதிக இடமில்லை. நண்பர் ஒருவரின் வண்டியில் ஒரே ஒருமுறை அந்த வேலையில் உதவியிருக்கிறேன். பழைய பால்ரஸை உள்ளிருந்து சுத்தியலால் தட்டி வெளியேற்றிய அந்த அனுபவம் எனக்கு இனிக்கவில்லை என்பதற்கு மேல், ஒரு வண்டியை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியாகாது.

வெளிக்கப்புக்கு மாற நினைப்பவர் கிராங்கை வாங்குவதற்கு முன், கூட்டின் அகலத்தை அளந்துகொள்ளட்டும். விளிம்பில் பூச்சு தடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளட்டும். பழைய கிராங்குக்கு இழுவானைப் போடும்போது, முதலில் உள்மரையைத் துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வாஷர் வெளியே வந்துவிட்டதா என்று விளக்கடித்துப் பார்த்து, அதன் பிறகு அடிவரை திருகட்டும். என் வண்டியில் எண்ணெயும் விளக்கும் இரண்டாவது கிராங்குக்கு மட்டும் விடுபட்டுப் போயின.