டோஃபுவா, மீல் மேக்கரா? எல்லாம் தண்ணீர்க் கணக்கு

கறி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டால், மற்ற நாட்களில் அந்த இடத்துக்குப் போட்டி போடுபவை மூன்று: பனீர், மீல் மேக்கர், சோயாப் பாலைத் திரித்துக் கட்டியாக்கிய டோஃபு. என் ஓட்டு டோஃபுவுக்கு. ஆனால் பலரும் ஒரே பாக்கெட்டோடு கைகழுவுவதும் அதைத்தான். சப்பென்று இருக்கிறது, மசாலா ஏறவில்லை, கல்லில் ஒட்டி உடைகிறது என்பார்கள். மூன்று புகாருக்கும் காரணம் ஒன்றே, அதற்குள் இருக்கும் தண்ணீர்.

பனீரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ருசியில் குறை சொல்ல முடியாது, சமைத்துக் கெடுப்பதும் கஷ்டம். ஆனால் 100 கிராமில் புரதம் 18 கிராம் அளவுக்கு இருந்தால் கொழுப்பு அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கும். வாரத்தில் நான்கு நாள் வைக்கிற பண்டம் அல்ல அது.

நிஜப் போட்டி மீல் மேக்கரோடுதான். ஒரு பிராண்டின் பெயர் பொருளுக்கே பெயராகிப் போன கதை இது. இலங்கையில் சோயா மீட் என்பார்கள். சோயாவில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கி உப்ப வைத்தால் மீல் மேக்கர். விலை மலிவு, டப்பாவில் மாதக்கணக்கில் கிடக்கும், கரண்ட் போனாலும் கவலை இல்லை. பாக்கெட்டில் போட்டிருக்கும் 52 கிராம் புரதத்தைப் பார்த்து மட்டும் மயங்க வேண்டாம். அது காய்ந்த நிலைக் கணக்கு. 50 கிராம் மீல் மேக்கர் ஊறிப் பிழிந்த பிறகு 150 கிராம் அளவுக்கு வரும். தட்டில் விழும் 100 கிராமில் இருப்பது 16, 17 கிராம்தான். கெட்டி டோஃபுவில் பிராண்டைப் பொறுத்து 10 முதல் 15 கிராம். வித்தியாசம் உண்டு, ஆனால் பாக்கெட் காட்டுகிற அளவுக்கு இல்லை.

இனி தண்ணீருக்கு வருவோம். மீல் மேக்கர் காய்ந்த பஞ்சு. சட்டிக்குள் தாகத்தோடு நுழையும். கெட்டி டோஃபு முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வயிறு நிறைந்த விருந்தாளி மாதிரி, புதிதாக எதையும் வாங்கிக்கொள்ளாது. அதனால்தான் கறிக்குச் செய்வதுபோல எண்ணெயும் மிளகாய்த்தூளும் தயிரும் புரட்டி ராத்திரி முழுக்க ஊறவைத்தாலும் டோஃபுவின் உள்ளே வெள்ளையாகவே இருக்கும். தண்ணீர் நிறைந்த இடத்துக்குள் எண்ணெய் நுழையாது. உப்பு நுழையும், அதுவும் மெதுவாக.

ஆகவே முதல் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. 200 கிராம் கட்டியை அரை அங்குலத் தகடுகளாக நறுக்கி, சுத்தமான துண்டில் சுற்றி, மேலே ஒரு தட்டு வைத்து ஒன்றரைக் கிலோ பாரம் ஏற்றுங்கள். 25 நிமிடத்தில் துண்டு நன்றாக நனைந்திருக்கும். பாரம் மூன்று, நான்கு கிலோ ஆனால் ஓரங்கள் பிளந்துவிடும்.

அவசரத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது, சுவைக்கு இதுவே மேல். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கல் உப்பு போட்டுக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, துண்டுகளை 15 நிமிடம் அதில் போட்டு வையுங்கள். தண்ணீரை எடுக்கத் தண்ணீரிலேயே போடுவதா என்று தோன்றும். சூட்டில் புரத வலை இறுகி உள்ளிருக்கும் நீரைப் பிதுக்கும், உப்பும் உள்ளே போகும். வெளியே எடுத்துத் துணியில் பரப்பினால் மேற்பரப்பு சீக்கிரம் உலர்ந்துவிடும்.

பிறகு கையால் பிய்த்துப் போடுங்கள். கத்தியால் வெட்டிய சதுரத்தில் மசாலா வழுக்கும். பிய்த்த முரட்டு ஓரங்களில் ஒட்டும். 200 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி சோள மாவு (கார்ன்ஃப்ளார்), இல்லையென்றால் அரிசி மாவு, தூவிப் பிரட்ட வேண்டும். இரும்புத் தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, இடைவெளி விட்டுப் பரப்பி, நான்கு நிமிடம் தொடாமல் இருங்கள். இந்தப் பொறுமைதான் பலருக்கும் வராது. பொன்னிறத் தோல் பிடித்தபின் துண்டு தானே கல்லை விட்டுவிடும். ஒரு நிமிடத்தில் திருப்பினால் தோல் கல்லிலும் மிச்சம் கரண்டியிலும் இருக்கும். நெருக்கிப் போட்டாலும் வறுபடாமல் ஆவியில் வெந்துபோகும்.

மிளகாய்த்தூளை இந்தக் கட்டத்தில் சேர்க்கவே கூடாது. டோஃபு சிவப்பதற்குள் தூள் கருகிக் கசக்கும். தனியாக ஒரு சட்டியில் அரைத் தேக்கரண்டி சோம்பு, கறிவேப்பிலை, பத்து சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது வதக்கி, ஒரு தேக்கரண்டி இடித்த மிளகு, மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் சேர்த்து, வறுத்த டோஃபுவைக் கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும் போட்டுப் புரட்டினால் மிளகு வறுவல் தயார். உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்திருந்தால் உப்பு ஏற்கெனவே உள்ளே ஏறியிருக்கும், மசாலாவில் பாதி உப்பு போதும்.

குழம்புக்கு இது எடுபடாது. அங்கே உறையவைத்த டோஃபுதான் வேண்டும். டோஃபுவை மாற்றிக் காட்டும் தந்திரம் இது ஒன்றுதான். ஜப்பானில் கோயா டோஃபு என்று உறையவைத்து உலர்த்தியே விற்கிறார்கள். தகடுகளாக நறுக்கி ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தால், உள்ளிருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி வலையைக் கிழித்து ஓட்டை போடும். மஞ்சளாகத் தெரியும், கெட்டுப்போகவில்லை. வெந்நீரில் 15 நிமிடம் போட்டுக் கட்டி முழுக்க இளகியதும், இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஸ்பாஞ்ச் மாதிரி பிழியுங்கள். நடுவில் பனி மிச்சமிருந்தால் அந்த இடம் பிழியப்படாமல் சப்பென்றே இருக்கும். இப்போது அது தாகமெடுத்த டோஃபு. சால்னாவை உறிஞ்சும், பல்லுக்கு நார் போலக் கடிபடும். மென்மையான சில்கன் வகையை மட்டும் இப்படிச் செய்ய வேண்டாம், உடைந்துபோகலாம்.

மீல் மேக்கருக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. உப்புத் தண்ணீரில் எட்டு நிமிடம் கொதிக்கவிட்டு, குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்தால் சரி. அரைகுறையாகப் பிழிந்தால் அந்தச் சோயா வாடை குழம்பு முழுக்கப் பரவும். எத்தனை பட்டை கிராம்பு போட்டாலும் போகாது. பரிமாறும் வரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால் குழம்பில் அரை டம்ளர் தண்ணீர் கூடுதலாக வைக்க வேண்டும். பிரியாணிக்கும் கொத்துக்கறி மாதிரிச் செய்வதற்கும் மீல் மேக்கரே முந்துகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். தம்மில் டோஃபு முழுசாக நிற்கும் என்று உறுதி சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

அப்படியென்றால் டோஃபுவுக்கு ஏன் ஓட்டு? மீல் மேக்கருக்கு ஒரே முகம். எதில் போட்டாலும் அது மீல் மேக்கர்தான். டோஃபு தண்ணீரின் அளவுக்கு ஏற்ப வேறு வேறு பண்டமாகும். பிழியாமல் உதிர்த்தால் பொடிமாஸ், அழுத்தி வறுத்தால் வறுவல், உறையவைத்தால் குழம்பு. பொடிமாஸில் கால் தேக்கரண்டி மஞ்சள்தூளும், இறக்கும்போது ஒரு சிட்டிகை கருப்பு உப்பும் போட்டால் அதன் கந்தக வாசனையில் முட்டை நினைவு வரும். முன்னாடியே போட்டால் வாசனை பறந்துவிடும். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. அங்கே மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸில் விழுவது தௌகுவா என்ற கெட்டி டோஃபுதான்.

வாங்கும்போது பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள். சோயாப் பாலைத் திரிக்கப் பயன்படுத்திய பொருளுக்கு எண் இருக்கும்: 516 என்றால் கால்சியம் சல்பேட், கால்சியம் கூடுதலாகக் கிடைக்கும். 511 மக்னீசியம் குளோரைடு. 575 பெரும்பாலும் வழவழப்பான வகை, வறுவலுக்கு ஆகாது. எந்த எண் இருந்தாலும் பி12 இதிலும் இல்லை, மீல் மேக்கரிலும் இல்லை. கறியைக் குறைக்கிறவர்கள் அதை முட்டை, பாலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரித்த பாக்கெட்டில் மிச்சமானதை நல்ல தண்ணீரில் மூழ்கவைத்து, தினமும் தண்ணீர் மாற்றினால் ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். தொட்டால் வழவழக்கிறது, புளித்த வாடை வருகிறது என்றால் கொட்டிவிடுங்கள். மூன்று நாளில் சமைக்க மாட்டோம் என்று தெரிந்தால் பிரித்த அன்றே தகடுகளாக ஃப்ரீசரில் போட்டுவிடலாம். அடுத்த வாரச் சால்னாவுக்கு ஆயிற்று.