"ஒண்ணும் ஆகாது" என்று சொல்லித்தான் பொம்மிக்கு ஆபரேஷன் செய்தார்கள்

பெண் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய நாள் குறித்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நாளைக்கு இன்னொரு பெண் நாய் வளர்த்தாலும் நான் செய்யத்தான் போகிறேன். கர்ப்பப்பையில் சீழ் கோத்து ஒரு நாய் சாகக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஹீட் (பெண் நாய் இணை சேரத் தயாராகிற பருவம்) முடிந்து சில வாரங்களில் சத்தமில்லாமல் வருகிற அந்த நோய்க்கு முன்னால் நான் கீழே சொல்லப்போவது எல்லாமே சின்ன விஷயம். ஆனால் என் நாய் பொம்மிக்கு ஆபரேஷன் செய்த அந்த க்ளினிக் பக்கம் இனி தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

பொம்மி லேப்ரடார் கலப்பு. ஆபரேஷன் அன்று 24 கிலோ இருந்தாள். கடைசி ஹீட் எப்போது என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் கத்தியை எடுக்கவே கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது. ஹீட் சமயத்தில் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் அதிகம், ஆபரேஷனில் ரத்தமும் அதிகம் போகும். ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வதுதான் வழக்கமாம். ரத்தப் பரிசோதனையும் கிடையாது. "பின்னால ஏதாவது பிரச்சினை வருமா டாக்டர்?" என்று நானாகத்தான் கேட்டேன். "ஒண்ணும் ஆகாதுங்க. கொஞ்சம் குண்டாகும், அவ்வளவுதான்" என்றார். ஒரு படிவத்தை நீட்டினார்கள். சுவரில் வைத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். பொம்மி என் காலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள், படிக்கவா தோன்றும்?

சாயங்காலம் மயக்கம் முழுசாகத் தெளியாமலே கையில் கொடுத்தார்கள். சீட்டில் ஆன்டிபயாடிக் மட்டும். வலிக்கு மருந்து இல்லையா என்றதற்கு, "நாய்க்கு நம்ம அளவுக்கு வலி தெரியாதுங்க" என்று பதில்.

அன்று ராத்திரி பொம்மி படுக்கவில்லை. உட்கார்ந்தே இருந்தாள். தூக்கம் கண்ணைச் சொக்கும், தலை மெல்லச் சரியும், வயிறு மடங்கியதும் திடுக்கென்று நிமிர்ந்துவிடுவாள். கடைசியில் நாற்காலி விளிம்பில் தாடையை முட்டுக்கொடுத்துக்கொண்டு, உட்கார்ந்த வாக்கிலேயே கண்ணை மூடினாள். வயிற்றைத் திறந்து சினைப்பையையும் கர்ப்பப்பையையும் வெட்டி எடுத்திருக்கிறார்கள், வலிக்காதாம்! வீட்டிலிருந்த பாராசிட்டமாலில் பாதி கொடுத்தால் என்ன என்று கைவரை வந்துவிட்டது. நல்லவேளை, கொடுக்கவில்லை. மனிதர்களுக்கான வலி மாத்திரைகள், முக்கியமாக ஐபுப்ரோஃபென், நாய்க்கு விஷம் மாதிரி. காலையில் வேறொரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். நாய்க்கென்றே இருக்கும் வலி ஊசியைப் போட்டார். ஒரு மணி நேரத்தில் கால்களை நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டாள்.

நான்காம் நாள் தையலுக்குக் கீழே எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். மூன்று தடவை போன் செய்தேன், யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. தோலுக்கு அடியில் நீர் கோத்திருந்தது, சீரோமா என்பார்கள். மெத்தென்று வலியில்லாமல் இருந்தால் பெரும்பாலும் தானாக வற்றிவிடும். சிவந்து சூடாக இருந்தாலோ, நாற்றமோ சீழோ இருந்தாலோதான் ஓட வேண்டும். இதில் என் தப்பும் உண்டு. பாவமாக இருக்கிறதே என்று தையலை நக்காமலிருக்க மாட்டிய கழுத்துக் கூம்பைக் கழற்றிவிட்டேன், மாடிப்படி ஏறவும் விட்டேன். பத்திலிருந்து பதினான்கு நாள் ஓடுவது, குதிப்பது, குளிப்பது, தையலை நக்குவது எதுவும் கூடாது. இதைக்கூட இரண்டாவது டாக்டர்தான் சொன்னார்.

சரி, தையல் ஆறியது, மறந்தும் போனோம். கதை அப்புறம்தான் ஆரம்பித்தது.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் மெத்தை ஈரம். பொம்மி குட்டியாக இருந்தபோதே வீட்டுக்குள் ஒன்றுக்குப் போகாதவள். மறுநாளும் ஈரம். மூன்றாம் நாள் நான் பார்க்கும்போதே தூக்கத்திலிருந்து எழுந்தாள், திரும்பித் தான் படுத்திருந்த இடத்தை மோந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். அன்றிலிருந்து மெத்தையில் ஏறவில்லை. நாங்கள் யாரும் சொல்லாமலே பாத்ரூம் வாசலில் வெறும் தரையில் போய்ப் படுக்க ஆரம்பித்தாள்.

பழைய க்ளினிக்குக்கே போனேன், புத்தி வரவில்லை. முதல் தடவை "செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க" என்றார். அடுத்த தடவை "யூரின் இன்ஃபெக்ஷன்" என்று சிறுநீரைப் பரிசோதிக்காமலே ஐந்து நாள் ஆன்டிபயாடிக். நிற்கவில்லை என்றதும் இன்னொரு வகை ஆன்டிபயாடிக், கூடவே "ராத்திரி தண்ணி வைக்காதீங்க" என்ற உபதேசம். பத்து நாள் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து மேலே வைத்தேன். பொம்மி காலியான அந்த இடத்தை நக்குவாள். அதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

வலி ஊசி போட்ட டாக்டரிடமே கடைசியில் போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "முழிச்சிருக்கும்போது போறாளா, தூங்கும்போது கசியுதா?" தூங்கும்போதுதான் என்றேன். கருத்தடை ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று கேட்டார். தலையாட்டினேன். மூத்திரக் குழாயின் வாயை இறுக்கிப் பிடித்திருக்கும் தசைக்கு ஈஸ்ட்ரோஜன் பலம் கொடுக்கிறது. சினைப்பையை எடுத்தபின் அந்தச் சுரப்பு போய்விடுகிறது, சில நாய்களுக்கு அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. படுத்துத் தூங்கும்போது சொட்டுச் சொட்டாகக் கசியும், அந்த நாய்க்கே தெரியாது. ஆபரேஷன் முடிந்த கையோடும் வரலாம், பல வருஷம் கழித்தும் வரலாம். 20 கிலோவுக்கு மேற்பட்ட பெரிய நாய்களுக்கு அதிகம், உடம்பு பெருத்தால் இன்னும் அதிகம். பொம்மி அப்போது 31 கிலோ.

அந்த 7 கிலோவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். "கொஞ்சம் குண்டாகும்" என்றவர், ஆபரேஷனுக்குப் பின் பசி கூடும், உடம்புக்குத் தேவையான சக்தியோ குறையும், சாப்பாட்டைக் கால் பங்கு அளவுக்காவது குறைத்து எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சிறுநீரைப் பரிசோதித்தார்கள், கிருமி இல்லை. சர்க்கரை, சிறுநீரகம் இரண்டும் சரி. ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு ஃபினைல்புரோபனோலமைன் எழுதிக் கொடுத்தார், அந்தத் தசையை இறுக்குகிற மருந்து. அது ஒத்துவராத நாய்க்கு ஈஸ்ட்ரியால் என்று வேறொன்று உண்டாம். ஒரே வாரத்தில் படுக்கை காய்ந்துவிட்டது. நான் கத்திய கத்தல், தண்ணீர் வைக்காமல் வாட்டியது எல்லாம் இவ்வளவுக்குத்தான்.

சீட்டை எடுத்துக்கொண்டு பழைய க்ளினிக்குக்குப் போனேன், சண்டை போடத்தான். அவர் பதறவே இல்லை. கோப்பைத் தேடி எடுத்து, நான் சுவரில் வைத்துக் கையெழுத்திட்ட படிவத்தைக் காட்டினார். பொடி எழுத்தில் ஏழாவது வரி: சிறுநீர்க் கட்டுப்பாடு இழக்க நேரலாம். "எல்லா நாய்க்குமா வருது? அதான் சொல்லலை" என்றார். படிவத்தில் அச்சடிக்கத் தெரிந்தவருக்கு, அதே வியாதியோடு மூன்று தடவை எதிரில் வந்து நின்ற நாயைப் பார்த்து ஏன் அது தோன்றவில்லை என்று கேட்டேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அதனால் படிவத்தை முதல் நாளே வாங்கி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். வலிக்கு என்ன தருவீர்கள், ராத்திரி ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று கேளுங்கள். பெரிய இன நாய் என்றால் எந்த வயதில் செய்வது நல்லது என்றும் கேளுங்கள். ரொம்பச் சின்ன வயதில் செய்தால் அவற்றின் மூட்டுக்கும் பாதிப்பு வரலாம். வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு வெளிறி, வயிறு உப்பி, நாய் துவண்டு கிடந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாதங்கள் கழித்து மறுபடி ஹீட் அறிகுறி தெரிந்தால் "பிரமை" என்று சொல்லி அனுப்புவார்கள், நம்பாதீர்கள். சினைப்பையின் துண்டு உள்ளேயே தங்கிவிட்டிருக்கலாம், அதற்குப் பரிசோதனை இருக்கிறது.

பொம்மிக்கு இப்போது 27 கிலோ. மருந்து தினமும் உண்டு. மெத்தையில் ஏற மட்டும் இரண்டு மாதம் பிடித்தது. முன்னங்கால் இரண்டையும் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.