ஹிமாலயனா, எக்ஸ்பல்ஸா, 390-ஆ: பழைய அட்வென்சர் பைக்கில் கிலோமீட்டரை எப்படிப் படிப்பது?

செகண்ட் ஹேண்ட் பைக் விளம்பரத்தில் விலைக்கு அடுத்து எல்லார் கண்ணும் போவது ஓடிய கிலோமீட்டரில்தான். பத்தாயிரம் என்றால் நல்ல வண்டி, நாற்பதாயிரம் என்றால் வேண்டாம். தினமும் ஆபீஸ் போய்வரும் ஸ்கூட்டருக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். அட்வென்சர் பைக்கில் பொருந்தாது. ஒருவர் இருபதாயிரத்தையும் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓட்டியிருப்பார். இன்னொருவர் அதையே கல்லிலும் ஆற்றுமணலிலும் ஓட்டியிருப்பார். மீட்டரில் இரண்டுக்கும் ஒரே எண்தான்.

நம் ஊரில் அதிகம் கைமாறும் மூன்று வண்டிகளை எடுத்துக்கொள்வோம்: ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, கேடிஎம் 390 அட்வென்சர். மூன்றிலும் கிலோமீட்டர் வேறு வேறு விஷயத்தைச் சொல்கிறது என்பது என் கட்சி.

முதலில், அந்த எண் உண்மைதானா? டிஜிட்டல் மீட்டரையும் குறைக்க முடியும், மொத்தமாக மாற்றவும் முடியும். நம்பகமான வழி, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைக் கொடுத்து ஜாப் கார்டுகளைப் பார்ப்பது. ஒவ்வொரு முறை வண்டி உள்ளே வந்தபோதும் எத்தனை கிலோமீட்டர் என்று அதில் குறித்திருப்பார்கள். உரிமையாளரையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மழுப்பினால் அதுவே ஒரு பதில். அப்புறம் வண்டியைப் பாருங்கள். பிரேக் டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், வெர்னியர் வைத்து அளந்தால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் தயாரித்தது. ஒன்பதாயிரம் ஓடியதாகச் சொல்லும் வண்டியில் புது டயரும் புது செயின் ஸ்ப்ராக்கெட்டும் இருந்தால், ஏன் இவ்வளவு சீக்கிரம் மாற்றினீர்கள் என்று கேட்கலாம்.

ஹிமாலயன் 411

இதில் கிலோமீட்டரைவிடத் தயாரிப்பு வருஷம் முக்கியம். 2016-ல் வந்தபோது கார்புரேட்டர் வண்டி. அந்த ஆரம்பக் காலத்து வண்டிகள்மீது கிளட்ச், ஆயில் கசிவு, ஃபிரேம் என்று புகார் நிறைய. 2017-ல் பிஎஸ்4 புகை விதியுடன் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது, 2018-ல் ஏபிஎஸ், 2020-ல் பிஎஸ்6-உடன் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைத்துவைக்கும் வசதி. 2023 கடைசியில் புதிய ஹிமாலயன் 450 வந்ததும் 411-க்கு விடை கொடுத்தார்கள். விலை குறைவு என்று 2016 வண்டிக்குப் போகாதீர்கள். என் கண்ணுக்கு, 2020-க்குப் பிந்தைய வண்டி நாற்பதாயிரம் ஓடியிருந்தாலும் 2016 வண்டியின் பதினைந்தாயிரத்தைவிட மேல்.

காரணம் எஞ்சின். 411 சிசியில் 24.5 பிஎச்பி, அவ்வளவுதான். பெரிதாகத் துன்புறுத்தாத, காற்றும் ஆயிலும் குளிர்விக்கும் சாதாரண எஞ்சின். வால்வு இடைவெளியை (டேப்பெட்) ஸ்க்ரூவும் நட்டும் வைத்தே சரிசெய்யலாம். பயிற்சியுள்ள தெருமுனை மெக்கானிக்கே பார்த்துவிடுவார். தேய்வது பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளியேதான். சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் லேசாகத் தட்டி நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போய்விட்டது என்று அர்த்தம். பின்சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டி, மோனோஷாக் லிங்கேஜில் (பின் ஷாக்கைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பாகத்தில்) ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கிரீஸே பார்க்காத லிங்கேஜ் ஏராளம். இரண்டுமே செலவுதான், ஆனால் பயப்படும் செலவு இல்லை.

ஒரு எச்சரிக்கை. மணாலி, லே, கோவா பக்கம் வாடகைக்கு ஓடும் வண்டிகளில் ஹிமாலயன் அதிகம். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தோடு ஓடிவிட்டு, பிறகு சொந்த உபயோக வண்டியாக மாறிச் சந்தைக்கு வரலாம். வெளிமாநிலப் பதிவு என்றால் ஆர்.சி.யில் எத்தனையாவது உரிமையாளர், முன்பு எந்த வகையில் பதிவாகியிருந்தது என்று பார்த்தே ஆகவேண்டும். ஃபார்ம் 28 என்ஓசி (பழைய ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று), இங்கே கட்டவேண்டிய சாலை வரி எல்லாவற்றையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவு பாதி காணாமல் போய்விடும்.

எக்ஸ்பல்ஸ் 200

2019-ல் வந்தது. 21 அங்குல முன்சக்கரம், 18 அங்குலப் பின்சக்கரம், 220 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ், எடை 160 கிலோவுக்குள். பெட்ரோல் விஷயத்தில் மூன்றில் இதுதான் சிக்கனம்: லிட்டருக்கு நாற்பது பக்கம். ஹிமாலயன் முப்பதைச் சுற்றி, கேடிஎம் ஓட்டுபவர் கையைப் பொறுத்து அதற்குச் சற்றுக் கீழே. இதை வைத்துப் பழைய வண்டியைத் தேர்வு செய்யாதீர்கள். ஒரு ரிப்பேரில் ஒரு வருஷப் பெட்ரோல் மிச்சம் போய்விடும்.

இங்கே பார்க்கவேண்டியது யார் ஓட்டினார் என்பதை. எக்ஸ்பல்ஸை உண்மையிலேயே காட்டுப்பாதையில் குதிக்கவிட்டவர்கள் உண்டு. எஞ்சின் அடித்தகடில் ஆழமான நெளிவு, ரிம்மில் பெண்ட், ஃபோர்க் சீலில் எண்ணெய்ப் பிசுக்கு, ஹேண்டில் திரும்பி முட்டும் ஸ்டாப்பரில் நசுங்கல், இவை தெரிந்தால் எட்டாயிரம் கிலோமீட்டர் என்பது ஒன்றும் ஆறுதல் இல்லை. இன்னொரு ரகம், 200 சிசியை நெடுஞ்சாலையில் முழு த்ராட்டிலில் மணிக்கணக்காக விரட்டியவர்கள். அடியெல்லாம் பளபளப்பாக இருக்கும், எஞ்சின்தான் களைத்திருக்கும். ஆயில் அளவையும், சூடான பிறகு சைலன்சரில் நீலப்புகை வருகிறதா என்பதையும் பாருங்கள். முடிந்தால் 2021 கடைசியில் வந்த 4 வால்வு மாடலைத் தேடுங்கள்; நெடுஞ்சாலையில் அவ்வளவு திணறாது.

கேடிஎம் 390 அட்வென்சர்

இதில்தான் குறைந்த கிலோமீட்டர் அதிகம் ஏமாற்றும். 2020 ஜனவரியில் வந்த வண்டி, 373 சிசி, 43.5 பிஎஸ். ஓட்டிப் பார்த்தால் மற்ற இரண்டும் மறந்துபோகும். அந்த ஆசையில் வாங்கி, வார இறுதியில் காப்பி குடிக்கப் போய்வந்து, மிச்ச நாள் கார் பார்க்கிங்கில் நிறுத்தியவர்கள் நிறைய. ஐந்து வருஷத்தில் பன்னிரண்டாயிரம், ஆனால் சர்வீஸ் இரண்டே தடவை என்பது நல்ல வண்டி இல்லை. கூலண்டும் பிரேக் ஆயிலும் ஓடாமலே பழசாகும், பேட்டரி செத்துச் செத்துப் பிழைத்திருக்கும், ஃபோர்க் சீல் காய்ந்திருக்கும்.

7,500 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்பதைத் தவறவிட்டால் இந்த எஞ்சின் மன்னிக்காது. வால்வு இடைவெளியைச் சரிசெய்ய ஷிம் என்ற சிறு தகட்டை மாற்றவேண்டும். பழகிய கை வேண்டும், நேரமும் கூலியும் அதிகம். ரேடியேட்டர் இடுக்கில் சேறு அடைத்திருக்கிறதா, டிராஃபிக்கில் சூடானதும் ஃபேன் சுற்றுகிறதா, கூலண்ட் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றும் குவிக்‌ஷிஃப்டர், டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஏபிஎஸ் மோடு ஒவ்வொன்றையும் போட்டு அணைத்துப் பாருங்கள். எலெக்ட்ரானிக்ஸ் பாகம் ஒன்று போனால் மொத்தமாக மாற்றுவதுதான் வழக்கம். ஆரம்ப வண்டிகளில் அலாய் வீல் நெளிவது தெரிந்த கதை. 2022-ல் வீலை மாற்றினார்கள், 2023-ல் ஸ்போக் வீல் மாடலே விட்டார்கள். சென்டர் ஸ்டாண்ட் கிடையாது என்பதால், பேடாக் ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

மூன்று வண்டிக்கும் ஒரு பொது விதி: எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் முதல் ஸ்டார்ட் கேட்கவேண்டும். நீங்கள் போகும்போதே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், நாளைக் காலையில் வருகிறேன் என்று திரும்பிவிடலாம்.

நான் வாங்குவதாக இருந்தால்? கொல்லிமலை, வால்பாறை, நடுவில் ஊருக்குப் போய்வருவது என்பவருக்கு ஜாப் கார்டு சரியாக உள்ள பிஎஸ்6 ஹிமாலயன். சென்னையில் ஜி.பி. ரோட்டிலேயே பாகம் கிடைக்கும். எடையைக் கண்டு பயப்படுபவருக்கும் காட்டுப்பாதை கற்பவருக்கும் எக்ஸ்பல்ஸ் 4வி. ஆபீஸ் போய்வந்த வண்டியாக இருந்தால் இன்னும் நல்லது. கேடிஎம்தான் வேண்டும் என்றால், பக்கத்திலேயே அதன் சர்வீஸ் சென்டர் இருக்கவேண்டும். ஒருவர் பில் கோப்போடு நாற்பதாயிரம் ஓடிய வண்டியைக் காட்டுகிறார், இன்னொருவர் பில் இல்லாத பன்னிரண்டாயிரத்தைக் காட்டுகிறார் என்றால், நாற்பதாயிரத்தை எடுங்கள். அதற்கு விலையும் குறைத்துக் கேட்கலாம்.