பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்தால், டிரிப்ஸ் போட்டுப் படுக்க வைக்கும் ஆஸ்பத்திரியில் காத்திருக்காதீர்கள்

எங்கள் பெரியப்பாவுக்கு வயது 71. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. போன மாதம் காலை ஏழு மணிக்குப் பேப்பரை வைத்துவிட்டு எழுந்து நடந்தவரின் வலது கால் செருப்பு பின்னாலேயே கிடந்தது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. வலது கை மரத்துப்போச்சு என்றார், டம்ளர் கையில் நிற்கவில்லை, பேச்சும் லேசாகக் குழறியது. ஏழரைக்கெல்லாம் பக்கத்துத் தனியார் நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டோம்.

பிரஷர் 190. டூட்டி டாக்டர் உடனே நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார். அப்புறம் டிரிப்ஸ், அதில் மஞ்சளாக ஒரு சத்து ஊசி. "வயசானா வர்ற நரம்புத் தளர்ச்சிதாம்மா, சாயங்காலம் எந்திரிச்சு நடப்பாரு." ஸ்கேன் எடுக்க வேண்டாமா என்று பெரியம்மா கேட்டதற்கு, பெரிய டாக்டர் பன்னிரண்டு மணிக்கு வருவார், அவர் சொல்லட்டும் என்றார்கள். இரண்டு கையையும் நீட்டச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. விரலில் குத்தி சுகர் பார்க்கவில்லை. சுகர் இறங்கினாலும் சிலருக்கு இதே மாதிரி ஒரு பக்கம் விழும். அதைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்! அங்கே சிடி ஸ்கேன் மெஷினே கிடையாது என்பது, பெரிய டாக்டர் வந்து ரெஃபர் எழுதிய பிறகுதான் தெரிந்தது.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் சிடி எடுத்தபோது மணி ஒன்றே முக்கால். மூளையில் ரத்தக்கசிவு இல்லை, ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பதினொன்றரையோடு அது முடிந்துவிட்டது. குழாய் விட்டுக் கட்டியை எடுக்கும் சிகிச்சை சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாமாம், ஆனால் அது பெரிய ரத்தக்குழாய் அடைத்தவர்களுக்கு. இவருக்கு அடைத்தது சிறியது. நாக்குக்கு அடியில் வைத்த மாத்திரையைச் சொன்னதும் அங்கிருந்த டாக்டர் முகம் சுளித்தார். அடைப்பு நேரத்தில் பிரஷரைச் சடாரென்று இறக்கினால் மூளைக்குப் போகிற கொஞ்ச ரத்தமும் குறையும். இறக்க வேண்டியிருந்தாலும் அளந்துதான் இறக்குவார்களாம். பெரியப்பா இப்போது இடது கையால் சாப்பிடப் பழகுகிறார்.

வாய் கோணினாலோ, ஒரு கை தானாகத் தாழ்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐக் கூப்பிட்டு, சிடி ஸ்கேனும் கட்டி கரைக்கும் ஊசியும் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்து வையுங்கள். தூங்கி எழும்போதே விழுந்திருந்தால் படுத்த நேரம்தான் கணக்கு. தண்ணீர், காபி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், புரை ஏறும். ஸ்கேனுக்கு முன்னால் ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவாக இருந்தால் ஆபத்து. பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே போங்கள், அடுத்த அடைப்பு பெரிதாக வரலாம்.

நர்சிங் ஹோமில் கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டிருக்கிறோம். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. இன்னும் தரவில்லை. மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுத்தாயிற்று.