போர்டில் ரேம் எவ்வளவு: யு-பூட், பேர்பாக்ஸ், ராஸ்பெர்ரி பை

பிசியில் ரேம் குச்சியே தன் அளவைச் சொல்லிவிடும். அதில் ஒட்டியிருக்கும் எஸ்பிடி என்ற குட்டிச் சிப்பை பயாஸ் படித்துக்கொள்ளும். எம்பெடட் போர்டில் (கருவிகளுக்குள் பொதியும் சிறு கணினி) அந்த வசதி கிடையாது. பற்றவைத்த டிடிஆர்3 சிப் வாய் திறக்காது. யாராவது அளந்து லினக்ஸ் கர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சொன்னால்தான் உண்டு. இந்த வேலையை, கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர்களான யு-பூட், பேர்பாக்ஸ், அப்புறம் ராஸ்பெர்ரி பையின் ஃபர்ம்வேர் (வன்பொருளை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) மூன்றும் மூன்று விதமாகச் செய்கின்றன.

முதலில் யு-பூட். பீகிள்போன் பிளாக் என்ற சிறு போர்டை எடுத்துக்கொள்வோம். 512 எம்பி ரேம். மின்சாரம் வந்ததும் சிப்புக்குள் இருக்கும் பூட் ரோம் (ROM), யு-பூட்டின் எஸ்பிஎல் என்ற சிறு நிரலை, சிப்பின் உள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான எஸ்ராமில் ஏற்றுகிறது. அந்த எஸ்பிஎல், ரேமை இயக்கும் டிடிஆர் கன்ட்ரோலரை எழுப்பிய பிறகுதான் முழு யு-பூட் ரேமுக்குள் வர முடியும். அளவு பார்க்க யு-பூட்டிடம் ஒரு பழைய உத்தி உண்டு. இரட்டிப்பாகப் போகும் முகவரிகளில் ஆளுக்கொரு எண்ணை எழுதி, திரும்பப் படித்துப் பார்ப்பது. 512 எம்பி சிப்பில் முகவரியின் மேல் பிட்டுக்குக் கம்பியே இல்லை. அதனால் 512-வது எம்பியில் எழுதியது சுழன்று வந்து முதல் முகவரியில் விழும். ஆரம்பத்தில் எழுதியது அழிந்திருந்தால் ரேம் அங்கே முடிகிறது என்று பொருள்.

சோதிக்காமல் 1 ஜிபி என்று எழுதி வைத்துவிட்டால்? நான் ஒருமுறை அப்படித்தான் மாட்டினேன். போர்டு ஒழுங்காக பூட் ஆனது, லாகின் வந்தது, எல்லோரும் டீ குடிக்கப் போனோம். நினைவகம் பாதிக்கு மேல் நிரம்பியபோதுதான் கர்னல் தன் தலையிலேயே எழுத ஆரம்பித்தது. பிழைச் செய்தி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தைக் காட்டியது. இரண்டு நாள் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஆக, யு-பூட்டின் இந்த உத்தி பழசானாலும் எனக்குப் பிடிக்கும். ஒரு குறை: இரட்டிப்பு அளவுகளில் வராத 3 ஜிபி மாதிரியான ரேமை இது தானாகக் கண்டுபிடிக்காது.

அளந்த கணக்கை யு-பூட், கர்னலுக்குக் கொடுக்கும் டிவைஸ் ட்ரீ என்ற கோப்பின் (போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று சொல்வது) மெமரி பகுதியில் எழுதிவிடுகிறது. அதாவது அந்தக் கோப்பில் நீங்கள் கையால் எழுதிய அளவு பெரும்பாலும் மேலெழுதப்படும். இது தெரியாமல் கோப்பை மாற்றி மாற்றிக் கம்பைல் செய்பவர்கள் உண்டு.

பேர்பாக்ஸ் 2007-ல் யு-பூட்டிலிருந்து பிரிந்தது. முதலில் பெயரே யு-பூட் வி2. என்எக்ஸ்பி நிறுவனத்தின் ஐ.எம்எக்ஸ் சிப்புகளில் இது ரேமில் எழுதிப் பார்ப்பதில்லை. டிடிஆர் கன்ட்ரோலரின் ரெஜிஸ்டரில் (அமைப்பு மதிப்புகள் இருக்கும் இடம்) ரேமுக்கு எத்தனை வரிசை, எத்தனை நெடுவரிசை என்று எழுதியிருப்பதைப் படித்து அளவைக் கணக்கிடும். யு-பூட்டிலும் ஐ.எம்எக்ஸுக்கு இதே வழி உண்டு. அளவை ஒரே இடத்தில் எழுதினால் போதும் என்பது சுகம். அந்த ரெஜிஸ்டர் மதிப்பே தப்பென்றால், அந்தத் தப்பை அப்படியே கர்னலுக்குக் கடத்தும் என்பது வில்லங்கம்.

ராஸ்பெர்ரி பை தனிக்கதை. அங்கே ரேமை எழுப்புவது ஆர்ம் பிராசசர் இல்லை, வீடியோகோர் என்ற ஜிபியு (கிராஃபிக்ஸ் பிராசசர்) பக்கத்தில் ஓடும், மூலநிரல் வெளியிடாத மூடிய ஃபர்ம்வேர். பை 4 வரை ஜிபியுவுக்கு ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைத்தான் டிவைஸ் ட்ரீயில் எழுதித் தருகிறது. பையில் யு-பூட்டைப் போட்டாலும் அது அளக்காது. ‘அஞ்சல் பெட்டி’ (மெயில்பாக்ஸ்) என்ற தகவல் வழி மூலம் ஃபர்ம்வேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். கவலையில்லாத ஏற்பாடு. சொந்தமாகப் போர்டு செய்பவருக்கு மட்டும் இதில் கற்க எதுவும் இல்லை.

சரி, அளவு சரியாக வந்துவிட்டது. கர்னல் முழுதையும் எடுத்துக்கொள்ளுமா? 32 பிட் ஆர்மில், முகவரிகளை நிரல்களுக்கு 3 பங்கு, கர்னலுக்கு 1 பங்கு என்று பிரிக்கும் வழக்கமான 3:1 பங்கீட்டில் கர்னல் நேரடியாகத் தொடக்கூடியது ஏறத்தாழ 760 எம்பி. அதற்கு மேல் உள்ள ரேமையும் பயன்படுத்தவைக்கும் ஹைமெம் வசதி இல்லாமல் கர்னலைக் கட்டினால் 1 ஜிபி போர்டில் மீதி வீண்; ஹைமெம் போடச் சொல்லி கர்னலே பூட் லாகில் ஒரு வரி எழுதும். முழு 1 ஜிபியையும் நேரடி வரம்புக்குள் கொண்டுவரும் பங்கீடும் கான்ஃபிகில் இருக்கிறது. எனக்கு அதுதான் சௌகரியம்.

இதே 760 எம்பி கோட்டில்தான் இன்னொரு பள்ளம். யு-பூட், டிவைஸ் ட்ரீயையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (பூட்டின் தொடக்கத்தில் தேவைப்படும் சிறு கோப்பமைப்பு) ரேமின் உச்சிக்கு நகர்த்திவிட்டால், 1 ஜிபி போர்டில் அந்த உச்சி 760-க்கு மேலே இருக்கும். கர்னலுக்கு அது எட்டாது. திரையில் ‘ஸ்டார்டிங் கர்னல்’ வந்து அப்படியே நிற்கும். நகர்த்தும் எல்லையைக் கீழே இழுத்து வைத்தால் தீர்ந்தது. யு-பூட்டின் எஃப்டிடி_ஹை (fdt_high) மாறியில் எல்லா இலக்கத்துக்கும் எஃப் போட்டு, டிவைஸ் ட்ரீயின் நகர்த்தலையே நிறுத்துவது நாட்டு வைத்தியம். வேலை செய்யும், ஆனால் டிவைஸ் ட்ரீயை ஏற்றிய இடத்தை வேறெதுவும் மிதிக்கவில்லை என்று நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக கர்னல் கட்டளை வரியில் ‘மெம்=’ (mem=) என்று ரேம் அளவைக் கொடுப்பது. 64 பிட் ஆர்மில் அது குறைக்க மட்டுமே செய்யும். 32 பிட்டிலோ பூட்லோடர் சொன்னதை ஒதுக்கிவிட்டு, நீங்கள் சொன்ன எண்ணை நம்பும். இல்லாத ரேமையும் நம்பும். 1 ஜிபி போர்டில் 512 எம்பி மாடலை ஒத்திகை பார்க்க நான் இதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறேன். விற்பனைக்குப் போகும் போர்டில் போட மாட்டேன்.