நீலப் புகையைப் பார்த்ததும் ‘போர் போடணும்’ என்று சொன்னால் உடனே சரி சொல்லாதீர்கள்

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள், முக்கியமாக வயதான அப்பா அம்மா ஓட்டும் கார் வீட்டில் இருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். திருச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப், எங்கள் காருக்கு இன்ஜின் போர் போட்டதாகச் சொல்லி 46,000 ரூபாய் வாங்கியது. போர் போடுவது என்றால், தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து கொஞ்சம் அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவது. போர் போடவே இல்லை. போட வேண்டிய தேவையும் அந்த இன்ஜினுக்கு இல்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பதால் ஒர்க்‌ஷாப்பின் பெயரை எழுதவில்லை. பெயரைவிட, என்ன சொல்லிப் பணம் வாங்குகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

கார் 2007 மாடல் சான்ட்ரோ ஜிங். 1.1 லிட்டர் இன்ஜின், நான்கு சிலிண்டர், 12 வால்வு. ஒரு லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அப்பா ஸ்ரீரங்கம் கோயில், மார்க்கெட், ஆஸ்பத்திரி என்று ஊருக்குள்தான் எடுப்பார். பல நாள் ஷெட்டிலேயே நிற்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரிலிருந்து குப்பென்று நீலப் புகை வரும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அதற்குப் பிறகு நாள் முழுக்க ஓட்டினாலும் புகை தெரியாது. அதோடு டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. நிறுத்தும் இடத்தில் தரையில் சில சொட்டுகளும் இருக்கும்.

இதை அப்பா ஒர்க்‌ஷாப்பில் அப்படியே சொன்னார். அவர்கள் காதில் வாங்கவில்லை. இன்ஜினை ரெய்ஸ் செய்து, சைலன்சர் வாயில் கையை வைத்துக் கரியைக் காட்டி, “ரிங் போயிடுச்சு ஐயா, இன்ஜினை இறக்கிப் போர் போட்டாத்தான் சரியாகும், இப்படியே ஓட்டினா நடு ரோட்டுல ஜாம் ஆயிடும்” என்றார்கள். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி இருக்கும், ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம். ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்க்கவில்லை, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைக்கவில்லை. எழுபது வயதுக்காரரிடம் நடு ரோடு, ஜாம் என்றெல்லாம் சொன்னால் அவர் வேறு என்ன செய்வார்? முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார்.

வண்டி திரும்பி வந்தபோது இன்ஜின் மேலே புது பெயின்ட் பளபளவென்று இருந்தது. பில்லில் ‘0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் செட், ரிங் செட், பேரிங், லேத் சார்ஜ்’ எல்லாம் இருந்தன. பழைய பிஸ்டனைக் கேட்டதற்கு, “ஸ்கிராப்புக்குப் போட்டாச்சு” என்றார்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் அதே நீலப் புகை. கேட்டால், ரிங் செட் ஆக வேண்டும், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்கள் என்றார்கள். புது ரிங் உட்காரும் வரை கொஞ்சம் ஆயில் எரிவது உண்மைதான். ஆனால் அந்தப் புகை ஓடும்போதும் வரும், ஓட ஓடக் குறையும். இது துளியும் குறையவில்லை. அடுத்த முறை 20டபிள்யூ-50 கெட்டி ஆயிலை ஊற்றி, கூடவே புகையை நிறுத்தும் திரவம் என்று ஒரு டப்பாவையும் ஊற்றி, அதற்கும் தனியாகப் பணம் வாங்கினார்கள். கடைசியில், “பழைய வண்டி ஐயா, அப்படித்தான் இருக்கும்” என்று கையை விரித்துவிட்டார்கள்.

புகை என்ன நிறம் என்பதோடு, எப்போது வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, அவ்வளவுதான். அந்த ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதை நிறம் சொல்லாது, நேரம்தான் சொல்லும். ஒவ்வொரு வால்வின் தண்டிலும் சின்ன ரப்பர் சீல் ஒன்று தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். மேலே இருக்கும் ஆயில், தண்டு நகரும் குழாயான வால்வு கைடு வழியாகக் கீழே இறங்காமல் தடுப்பது அதுதான். வருடக்கணக்கான சூட்டில் அந்த ரப்பர் இறுகிப்போகும். வண்டி இரவு முழுக்க நிற்கும்போது ஆயில் மெல்லக் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது எரிந்து புகையாகிறது, எரிந்து முடிந்ததும் நின்றுவிடுகிறது. எங்கள் கார் செய்தது இதையேதான்.

இன்னொரு அடையாளமும் உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கியரிலேயே ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இறங்கினால், காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் வெற்றிடம் அதிகமாகி ஆயிலைக் கைடு வழியாக உறிஞ்சும். கீழே வந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்னால் நீலமாகக் குப்பென்று வந்தால், முதலில் வால்வு சீலையும் கைடையும்தான் சந்தேகப்பட வேண்டும். ரிங் தேய்ந்த வண்டி அப்படியில்லை. மேடு ஏறும்போது, ஆள் ஏற்றி இழுக்கும்போது, சூடான பிறகும்கூட விடாமல் புகைக்கும். இழுவையும் குறையும்.

வெள்ளைப் புகை வேறு கதை. குளிரான காலையில் கொஞ்ச நேரம் வருவது வெறும் நீராவி, பயப்பட வேண்டாம். சூடான பிறகும் அடர்த்தியாக வந்து, இனிப்பு வாடை அடித்து, கூலன்ட் குறைந்தால்தான், சிலிண்டர்களுக்கும் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர், சென்சார், இன்ஜெக்டர் பக்கம் பாருங்கள். ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நண்பர் ஒருவர் சொல்லி, பழைய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்டது, “புகை எப்போ வருது தம்பி? ராத்திரி நின்ன பிறகா, ஓடும்போதா?” என்பதுதான். சொன்னதும், “ரிங்கா இருக்காது, இருந்தாலும் அளந்து பார்த்துடுவோம்” என்றார்.

அவர் அளந்த முறையை அப்படியே எழுதுகிறேன், நீங்களும் இப்படித்தான் கேட்க வேண்டும். இன்ஜினைச் சூடாக்கி நிறுத்தினார். பெட்ரோலும் ஸ்பார்க்கும் வராமல் துண்டித்துவிட்டு நான்கு பிளக்கையும் கழற்றினார். இரண்டு பிளக்கின் முனையில் ஆயில் ஈரம் இருந்தது. ஒவ்வொரு சிலிண்டராகக் கேஜைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்கச் சொன்னார். நான்கும் 160-க்கும் 170-க்கும் இடையே பிஎஸ்ஐ காட்டின. அப்புறம் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தார். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து அளவு நன்றாக ஏறியிருக்கும். கொஞ்சம்தான் ஏறியது. முதல் அளவு குறைவாக இருந்து, ஆயில் விட்டும் ஏறவில்லை என்றால் வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ கோளாறு. இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இதைச் செய்யாமல்தான் எங்களிடம் 46,000 வாங்கினார்கள்.

அடுத்து பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டிக் காட்டினார். நல்ல வால்வு கடகடவென்று சத்தம் கேட்கும். இது சத்தமே இல்லாமல் கசடு பிடித்து இறுகிக் கிடந்தது. இன்ஜினுக்குள் சேரும் ஆவியை உறிஞ்சி இன்டேக்குக்கு அனுப்பும் சின்ன வால்வு அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங், கிராங்க் ஆயில் சீல் என்று எங்கே வழி கிடைக்கிறதோ அங்கெல்லாம் ஆயிலை வெளியே தள்ளும். தரையில் சொட்டியதற்கு அதுதான் காரணம். திறந்தபடியே மாட்டிக்கொண்டால் ஆயிலையே இன்டேக்குக்கு இழுத்துப் புகை வர வைக்கும். சில நூறு ரூபாய் பொருள் அது. குறைந்த தூரமே ஓடி, இன்ஜின் முழுச் சூடு ஆகாத வண்டிகளில் இந்தக் கசடு சீக்கிரம் சேரும். அப்பாவைப் போல ஓட்டுகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கைடும் பார்க்க வேண்டும் என்பதால் ஹெட்டைக் கழற்றினார். அங்கேதான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. ஓவர்சைஸ் பிஸ்டன் என்றால் அதன் தலையில் அளவு பதித்திருக்கும். கரியைச் சுரண்டிப் பார்த்தால் 0.50 என்று எங்கேயும் இல்லை. லேத் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் வந்து போர் கேஜ் வைத்து அளந்தார். இந்த இன்ஜினின் ஸ்டாண்டர்ட் போர் 67 மி.மீ. 0.50 போட்டிருந்தால் 67.50 இருக்க வேண்டும். நான்கு சிலிண்டரும் ஸ்டாண்டர்ட் அளவிலேயே இருந்தன. போர் போட்ட பிறகு சிலிண்டர் சுவரில் தெரியும் குறுக்குக் கோடுகளும் புதிதாக இல்லை. வால்வு சீல்கள் விரலால் நசுக்கினால் நொறுங்கின. அதாவது இன்ஜினுக்குள் எதையும் தொடவில்லை. மேலே பெயின்ட் அடித்து, டேப்பட் கவரைச் சிலிக்கான் பேஸ்ட் பூசி ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பேஸ்ட்டும் பிதுங்கி உள்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அது பிய்ந்து, கீழே ஆயில் தேங்கும் சம்ப்பில் விழுந்தால் ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். ஆயில் வராவிட்டால் பேரிங் போய்விடும். பணம் வாங்கிக்கொண்டு செய்த ஒரே வேலையும் நல்ல இன்ஜினைக் கெடுக்கிற வேலை. இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

12 வால்வு சீல், பிசிவி வால்வு, கேஸ்கட்கள், வால்வு கிரைண்டிங், புது டைமிங் பெல்ட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 9,800 ரூபாய் ஆனது. மறுநாள் காலையிலிருந்து புகை இல்லை.

ஆயில் குறைகிறது என்று தெரிந்ததும் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடும் முன் வீட்டிலேயே சிலவற்றைப் பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக்கைத் துடைத்து அளந்து, கிலோமீட்டரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரவில் இன்ஜினுக்கு அடியில் அட்டையை விரியுங்கள். சொட்டு எங்கே விழுகிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். கியர்பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்தில் என்றால் பின்பக்கக் கிராங்க் சீலாக இருக்கலாம். ஆயில் ஃபில்டர், பிரஷர் சுவிட்ச், டிரெயின் போல்ட் வாஷர் இவையும் அடிக்கடி கசியும். டேப்பட் கவரிலிருந்து வழியும் ஆயில் சூடான மேனிஃபோல்டில் பட்டால் பானெட்டுக்குள்ளிருந்து கருகிய வாடையும் புகையும் வரும். அதைப் பார்த்துவிட்டு இன்ஜின் போச்சு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது பேக்கிங் மாற்றினால் தீர்ந்துவிடும்.

அதற்காக, ஆயில் எரிகிறது என்று தெரிந்தும் ஊற்றி ஊற்றி ஓட்டிக்கொண்டே இருக்கவும் கூடாது. ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும், அப்புறம் மாசுச் சான்றிதழ் எடுப்பதும் சிரமமாகும்.

உண்மையிலேயே போர் போட வேண்டிய இன்ஜின்களும் இருக்கின்றன. கம்ப்ரஷன் குறைந்து, ஆயில் விட்டதும் ஏறி, ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளினால் செய்துதான் ஆக வேண்டும். அப்போதும் கம்ப்ரஷன் அளவுகளை எழுதி வாங்குங்கள். எஸ்டிமேட்டில் பிஸ்டன் அளவைக் குறிப்பிடச் சொல்லுங்கள். லேத்தில் வேலை நடக்கும்போது நேரில் போய்ப் பாருங்கள், போட்டோ எடுங்கள். பழைய பிஸ்டனும் ரிங்கும் கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். தரமாட்டேன் என்றால் அங்கே வேலை கொடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால் சும்மா இருக்க வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் கேட்டுக்கொள்ளலாம். பில் இல்லாமல் வாதாடுவது கஷ்டம் என்பதால், குறைத்துத் தருகிறேன் என்றாலும் பில் இல்லாமல் வேலை செய்ய விடாதீர்கள்.

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்பிருந்து அளந்து முடிக்கும் வரை கிலோமீட்டர் மீட்டரும் இன்ஜின் நம்பரும் தெரிய வீடியோ எடுத்து வைத்திருந்தோம். லேத் ஒர்க்‌ஷாப் நான்கு சிலிண்டரின் அளவையும் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. நாங்கள் அனுப்பிய நோட்டீசுக்கு, வெறும் சர்வீஸ்தான் செய்தோம், போர் போட்டதாகச் சொல்லவே இல்லை என்று பதில் வந்திருக்கிறது. ‘0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் செட்’ என்று அவர்களே எழுதிக் கையெழுத்திட்ட பில்லைப் புகாரோடு இணைத்திருக்கிறோம்.